முடியாத ஓவியங்களும் ஒரு தீயும்

1948-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோ, நீதிமன்ற அமீனா ஒருவர் சாட்சியாக நிற்க, தாம் தீட்டிய 315 ஓவியங்களை உலைத் தீயில் இட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.

அவை பிறருடைய ஓவியங்கள் அல்ல. பூச்சி அரித்தவையும் அல்ல. அவற்றைத் திரும்பப் பெறுவதற்கென்றே அவர் வழக்காடி, 1947-இல் வெற்றியும் கண்டிருந்தார். அரும்பாடுபட்டு மீட்ட செல்வத்தை மறு ஆண்டே தீக்கிரையாக்குவானேன்? அவர் புகழ் கடல் கடந்து பரவியிருந்த காலம் அது. கேட்ட விலை கொடுத்து வாங்க ஆள்கள் இருந்தனர். இன்னும் ஒரு வியப்பு: அதே ஆண்டின் இறுதியில், பாரிஸ் நகரின் கலைக்கூடம் ஒன்றில், 'மிசெரேரே' என்னும் அவருடைய அச்சோவியத் தொடர் காட்சிக்கு வைக்கப்பட்டது. அச்சாகி முடிந்து இருபத்தோர் ஆண்டுகள் வெளிவராமல் கிடந்த தொடர் அது.

ஓர் ஓவியர் கண்காட்சிக்கு எவ்வாறு ஆயத்தமாகிறார் என்று கேட்டால், சட்டம் போடுவதையும் விளக்கு அமைப்பதையும் அழைப்பிதழ் அச்சிடுவதையும் நாம் எண்ணிக்கொள்வோம். ரூவோவின் வாழ்வில் ஆயத்தம் என்பது பெரும்பாலும் எதைக் காட்டக்கூடாது, எதை இன்னும் காட்டக்கூடாது என்று தீர்மானிப்பதாகவே இருந்தது. தீயில் இட்டதையும் சுவரில் மாட்டியதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவருடைய உழைப்பை நாம் விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் கருத்து.

1871-இல், பாரிஸ் மக்களாட்சிக் கிளர்ச்சியை அடக்கப் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்த மே மாதத்தில், பெல்வில் என்னும் உழைப்பாளர் பகுதியில், ஒரு நிலவறையில் ரூவோ பிறந்தார். தந்தை மரவேலைக்காரர்; பியானோ செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினான்கு வயதில் ரூவோ வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். இடைக்காலத் திருக்கோயில்களின் பழஞ்சாளரங்கள் செப்பனிடப்படுவதற்காக அங்கு வந்தன. பகலில் அந்த வேலை. மாலையில் ஓவிய வகுப்பு. ரூவோவைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் இந்தப் பட்டறையில் தொடங்கி, அவருடைய ஓவியங்களிலுள்ள தடித்த கருங்கோடுகள் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகளே என்று முடிப்பர். பாதி உண்மை. முதிய வயதின் எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு இது பொருந்தும். ஆனால் 1903 முதல் அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களைப் பாருங்கள். அங்கே கோடு வண்ணத்தைத் தாங்கும் பட்டையாக இல்லை, சாட்டையாகச் சுழல்கிறது. பட்டறை அவருக்குத் தந்த பெருங்கொடை கோடு அன்று, பொறுமை என்றே நான் கருதுகிறேன். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒருவர் செய்த கண்ணாடியைக் கையிலெடுத்துத் துடைத்து மீண்டும் பொருத்துகிற சிறுவன், வேலையை விரைந்து முடித்துப் பெயர் வாங்கும் ஆசையைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறான்.

1890-இல் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே 1892 முதல் ஆசிரியராயிருந்த குஸ்தாவ் மொரோவுக்கு இவர் செல்ல மாணவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மத்தீசும் அதே வகுப்பில்தான் இருந்தார். உரோமைக்குச் சென்று பயில்வதற்கான பெரும்பரிசை நாடி ரூவோ இருமுறை போட்டியிட்டார், இருமுறையும் தோற்றார். கல்லூரியை விட்டு விலகித் தன் வழியில் செல்லுமாறு மொரோவே அறிவுரை கூறினார். 1898-இல் மொரோ இறந்தார். தம் இல்லத்தையும் அதிலிருந்த ஓவியங்களையும் நாட்டுக்கு எழுதி வைத்திருந்தார். 1903-இல் அவ்வில்லம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது அதன் முதல் காப்பாளராக ரூவோ அமர்ந்தார். 1932 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இச்செய்தியை வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். எனக்கோ இதில்தான் பின்னாளைய தீயின் முதல் பொறி தெரிகிறது. மொரோவின் இல்லத்தில் முழுமை பெற்ற ஓவியங்களைவிட முடியாமல் நின்றவை ஏராளம். பெருந்திரைகளில் பாதி வரைந்த உருவங்கள், வண்ணம் இடப்படாத மூலைகள், எண்ணற்ற முன்வரைவுகள். இறந்தவர் இனி எடுக்க முடியாத தூரிகைக்காகக் காத்திருக்கும் ஓவியங்களுக்கு நடுவே அந்த மாணவர் முப்பது ஆண்டுகள் காவல் இருந்தார். ஓவியன் கண்மூடியபின் அவனுடைய தடுமாற்றங்களும் சோதனைகளும் என்ன ஆகும் என்பதை அவரைப் போல் நாள்தோறும் கண்டவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆசிரியரின் மறைவுக்குப் பின் ரூவோ பெருந்துயரில் ஆழ்ந்தார். 1901-இல் லிகுஜே என்னும் ஊரில், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடத்தருகே, எழுத்தாளர் உய்ஸ்மான்சுடன் சில காலம் தங்கினார். துறவு மடங்களைக் கட்டுப்படுத்தும் அரசுச் சட்டம் வந்து அந்தச் சிறு கூட்டம் கலைந்தது. அதன்பின் அவருடைய தூரிகை தலைகீழாக மாறிற்று. கல்லூரியில் பயின்ற மெருகு மறைந்தது. விலைமகளிர், தெருக்கூத்தாடிகள், குடிசைப்பகுதி மக்கள், கோமாளிகள் அவருடைய தாள்களில் நிறைந்தனர். ஏறத்தாழ 1905-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் இதன் காரணத்தை அவர் விளக்குகிறார். ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ் வண்டி ஒன்றின் மூலையில், முதிய கோமாளி ஒருவர் தம் பளபளக்கும் உடையை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். மினுக்கும் உடைக்கும் அதை அணிபவரின் சோகத்துக்கும் இடையே இருந்த தொலைவு அவர் நெஞ்சை உலுக்கிற்று. அந்தக் கோமாளி தாமே என்றும், ஏறக்குறைய நாம் அனைவருமே என்றும் அவர் உணர்ந்தார்.

அக்காலத்தில் அவரைப் புரிந்துகொள்ள வேண்டியவர்களே புரிந்துகொள்ளவில்லை. கத்தோலிக்க எழுத்தாளர் லெயோன் புளுவாவின் நூல்களை ரூவோ உயிராக நேசித்தார். புளுவாவின் புதினத்தில் வரும் மாந்தரையே 1905-ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கண்காட்சிக்குத் தீட்டி அனுப்பினார். புளுவா கண்டதோ அருவருப்பை மட்டுமே. நண்பர் அழகற்றவற்றின் மேல் மோகம் கொண்டுவிட்டார் என்று கடிந்துகொண்டார். ரூவோ வாய் திறந்து வாதாடவில்லை, நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1917-இல் புளுவா இறக்கும் வரை அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தமக்குத் தெரிந்த வழியிலேயே தீட்டிக்கொண்டும் இருந்தார். நண்பரின் சினமும் தூரிகையை அசைக்காத இந்த மௌனம் அவருடைய இயல்பின் ஆணிவேர். பின்னாளில் வழக்கு மன்றத்திலும் வெளிப்பட்டது இதே பிடிவாதம்தான்.

1907 வாக்கில் நண்பர் ஒருவரின் துணையால் அவர் நீதிமன்றங்களுக்குச் சென்று அமர்ந்து பார்க்கத் தொடங்கினார். நீதிபதிகளின் தொடர் அவ்வாறு பிறந்தது. செந்நிற அங்கிகள், கனத்த தாடைகள், மண்ணால் பிசைந்தாற்போன்ற முகங்கள். கேலிச்சித்திரம் என்று பலர் எண்ணினர். ஆனால் நீதிபதிகளுக்கு இரங்கத்தக்க முகங்களை அவர் தந்ததற்குக் காரணம் ஏளனமன்று. மனிதன் மனிதனுக்குத் தீர்ப்பிடுவதைக் கண்டபோது அவருள் எழுந்த நடுக்கம். குற்றவாளியையும் நீதிபதியையும் ஒரே களிமண்ணால் அவர் வனைந்ததைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம்.

1910-இல் பாரிசின் துருவே கூடத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. அப்போது வயது முப்பத்தெட்டு. மனைவி மார்த்தா பியானோ கற்பித்து வீட்டுச் செலவைத் தாங்கினார், நான்கு குழந்தைகள். 1917-இல் ஓவிய வணிகர் அம்புரோவாஸ் வொல்லார் வந்து, பட்டறையில் இருந்த எல்லாவற்றையும், ஏறத்தாழ 770 ஓவியங்களை, ஒட்டுமொத்தமாக வாங்கிக்கொண்டார். அவற்றில் பெரும்பாலானவை முடியாதவை. ரூவோ ஒரு நிபந்தனை விதித்தார்: அவற்றைத் தாமே, தமக்கு வேண்டிய காலம் எடுத்துக்கொண்டு, முடித்துத் தருவார். வணிகர் இசைந்தார். தம் மாளிகையின் மேல்தளத்தில் ஓவியருக்கு வேலை அறையும் கொடுத்தார். அன்று இருவருக்குமே இது நல்ல ஏற்பாடாகத் தோன்றியிருக்கும். ஒருவருக்குக் குடும்பக் கவலை தீர்ந்தது. மற்றவருக்குப் புதையல் கிடைத்தது. ஆனால் உண்மையில் ஒருவர் விற்றது, தாம் இன்னும் செய்து முடிக்காத வேலையை.

ரூவோ வேலை செய்த முறையை அறிந்தால் அந்த நிபந்தனையின் கனம் விளங்கும். ஓர் ஓவியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குபவர் அல்லர் அவர். பல ஓவியங்கள் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் தாளில் தீட்டித் துணித்திரையில் ஒட்டுவார். ஓவியத்தை நிறுத்தி வைக்காமல் மேசை மீது கிடத்தி வேலை செய்வது அவர் பிற்கால வழக்கம். வண்ணத்தைப் பூசுவார், சுரண்டுவார், காயவிட்டு மறுபடி பூசுவார். 'முதிய அரசர்' என்னும் புகழ்பெற்ற ஓவியத்துக்கு இடப்பட்ட ஆண்டுகள் 1916, 1936. இருபது ஆண்டுகள் ஒரே முகத்தோடு! மலரும் கையுமாய் உறைந்த அந்த அரசரின் முகத்தில் நாம் காணும் சோர்வு ஒரு நாளில் வந்ததன்று. பட்டறைக்குள் பிறரை அவர் எளிதில் விடுவதும் இல்லை.

இந்த முறையின் சிகரம் 'மிசெரேரே'. தவக்காலத்தில் நாம் பாடும் 51-ஆம் திருப்பாடலின் இலத்தீன் முதற்சொல்லே தலைப்பு. 1912-இல் தந்தை இறந்தபோது மையால் வரைந்த சித்திரங்களில் அது தொடங்கிற்று. பின் முதல் உலகப் போர் வந்து சேர்ந்தது. நூறு தகடுகள், இரு தொகுதிகள், எழுத்தாளர் சுவாரெசின் உரை என்று வொல்லார் பெருந்திட்டம் வகுத்தார். முடிவில் 58 தகடுகள் உருவாயின, உரை வரவில்லை. மூலச் சித்திரங்கள் ஒளிப்படமுறையில் செப்புத் தகடுகளுக்கு மாற்றப்பட்டன. சாதாரண ஓவியர் அங்கே நிறுத்தியிருப்பார். ரூவோ அந்த இயந்திரப் பதிவைப் பகைவனைப் போல் எதிர்கொண்டார். அரம், செதுக்குளி, உப்புத்தாள், தூரிகையில் தோய்த்த அமிலம் என்று கைக்கு எட்டிய எல்லாவற்றையும் கொண்டு தகட்டைத் தாக்கினார். சில தகடுகள் பன்னிரண்டு, பதினைந்து நிலைகள் வரை மாற்றம் பெற்றன. 1922-இல் தொடங்கிய இப்பணி 1927-இல் முடிந்து, 450 படிகள் அச்சாயின. அதன்பின் ஒரே மௌனம். வொல்லார் வெளியிடவில்லை. பல திட்டங்களை ஒரே சமயத்தில் வளர்த்து, எதையும் விரைந்து வெளிவிடாமல் வைத்திருப்பது அவர் இயல்பு.

ஏறத்தாழ இரண்டடி உயரமுள்ள அந்தத் தாள்களின் முன் நின்றால் முதலில் நம்மைத் தாக்குவது கருமை. ஆனால் அது வெறுமையான கருமை அன்று. வெல்வெட்டைப் போல் ஆழமும் மென்மையும் உடையது. அதற்குள்ளிருந்து சாம்பல் நிற ஒளி கசிகிறது. முகச்சாயம் பூசிய கோமாளி வருகிறான். விண்ணகத்தில் தமக்கென இருக்கை ஒதுக்கப்பட்டிருப்பதாக நம்பும் செல்வச் சீமாட்டி வருகிறாள். மகனைப் போருக்கு இழக்கவிருக்கும் தாய் வருகிறாள். கட்டிலில் கிடத்தப்பட்ட பிணம் வருகிறது. நடுநடுவே ஆண்டவர் வருகிறார், குனிந்த தலையோடு. சீமாட்டிக்கும் அவளால் ஒதுக்கப்பட்டவளுக்கும் ஒரே கனத்த கோடுதான். சினம் ஒரு தாளில், இரக்கம் மறு தாளில் என்று பிரித்து வைக்காமல் ஒரே கோட்டில் இரண்டையும் வைத்தது இத்தொடரின் தனிச்சிறப்பு. முதற்பகுதி 33-ஆம் தாளில் முடிகிறது. அது, சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தில் நாம் தியானிக்கும் வெரோணிக்காவின் துணியில் பதிந்த திருமுகம். போரைப் பற்றிய இரண்டாம் பகுதியும் 58-ஆம் தாளில் அதே திருமுகத்தில்தான் வந்து நிற்கிறது. துணியில் பதிந்த முகம், தாளில் பதிந்த முகம். ஓவியன் செய்யக்கூடியது அவ்வளவே என்பதுபோல் இரு முறையும் அங்கே வந்து சேர்கிறார்.

1939 ஜூலையில் வொல்லார் மகிழுந்து விபத்தில் மாண்டார். சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. வொல்லாரின் வாரிசுகள் மாளிகையைப் பூட்டிவிட்டனர். பட்டறையின் உள்ளே நூற்றுக்கணக்கான முடியாத ஓவியங்கள். வெளியே அவற்றைத் தீட்டியவர். போர் முடிந்ததும் வழக்குத் தொடுத்தார். பணம் வாங்கிக்கொண்டு விற்ற பொருளை எவ்வாறு திரும்பக் கேட்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வினா, நியாயமான வினாவும்கூட. ஓவியர் தம் விருப்பப்படி முடித்து ஒப்படைக்கும் வரை ஓவியம் அவருடையதே என்று நீதிமன்றம் தீர்த்தது. வொல்லார் உயிரோடிருந்தபோது விற்றுவிட்டவை நீங்கலாக, ஏறத்தாழ 700 ஓவியங்கள் திரும்ப வந்தன. படைப்பாளரின் ஒழுக்க உரிமை பற்றிப் பேசும் பிரெஞ்சுச் சட்ட நூல்கள் இவ்வழக்கை எடுத்துக்காட்டுவது வழக்கம். நீதிபதிகளை நடுக்கத்தோடு தீட்டியவருக்கு அவர்கள் கையாலேயே விடுதலை கிடைத்தது!

இனி அந்தத் தீக்கு வருவோம். மீட்டவற்றில் 315 ஓவியங்களை இனித் தம் ஆயுளுக்குள் முடிக்க இயலாது என்று அவர் கணித்தார். முடிக்க முடியும் என்று நம்பியவற்றை வைத்துக்கொண்டார். கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. பாழானவை என்பதற்காக அவர் எரிக்கவில்லை. நேரம் போதாது என்பதற்காக எரித்தார். அமீனாவைச் சாட்சியாக அழைத்ததும் இதனால்தான். ஓவிய உரிமைக்காக நீதிமன்றம் ஏறியவர், அது விலைக்காகவன்று என்பதைச் சட்டத்தின் கண்முன்னேயே காட்டினார்.

நம் வாசகர்களுள் சிலருக்குத் தாலந்து உவமை நினைவுக்கு வரலாம். பெற்ற தாலந்தைப் புதைத்தவனே கண்டிக்கப்பட்டான் என்றால், எரித்தவரைப் பற்றி என்ன சொல்வது? எளிதில் தள்ளக்கூடிய வினா அன்று இது. என் மனத்தில் வேறொரு தயக்கமும் உண்டு. முடிப்பது என்றால் மேலும் மேலும் வண்ணம் ஏற்றுவதுதான் என்று முதிய ரூவோ எண்ணிவிட்டாரோ என்ற ஐயம் அது. 1906-இல் ஒரே மூச்சில் தீட்டிய நீர்வண்ணங்கள் முடியாதவைபோல் தோன்றினும் முழுமையானவை. மறுபுறம், முதுமைக்கால விவிலிய நிலக்காட்சிகள் சிலவற்றில் வண்ணம் மேடிட்டு மேடிட்டு மூச்சுத் திணறுகிறது. மஞ்சளும் பச்சையும் கண்ணைப் பறிக்கின்றன, ஆயினும் முந்தைய காலத்தின் காயம் அங்கில்லை. எழுபத்தேழு வயதுக் கிழவர், முப்பத்தைந்து வயது இளைஞனின் வேலையை முடியாதது என்று தள்ளியபோது சரியாகவே தள்ளினாரா? எரிந்தவற்றுள் ஒன்றிரண்டாவது நாம் இழந்திருக்கக் கூடாதவையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இருப்பினும் அவருடைய உரிமையை நான் மறுக்க மாட்டேன். வணிகர் பார்த்தது பொருளை. அவர் பார்த்தது கடனை. ஒவ்வொரு முடியாத முகமும் அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. தர இயலாததை இயலாது என்று ஒப்புக்கொண்டார். தாலந்தைப் புதைத்தவன் அஞ்சியது தலைவனுக்கு. இவருக்கு இருந்தது அந்த அச்சமன்று. அப்படியிருந்தால் ஐம்பதுக்கு மேற்பட்ட தகடுகளை ஐந்தாண்டுகள் விடாமல் செதுக்கியிருக்க மாட்டார். அவற்றை 1948-இல் உலகுக்குக் காட்டியபோது ஆசிரியர் மொரோவுக்கும் தம் அன்னைக்கும் காணிக்கையாக்கினார்.

இங்கு நம் திருச்சபையின் பங்கைப் பற்றியும் ஒரு சொல். வாழ்நாளெல்லாம் ஆண்டவரின் திருமுகத்தைத் தீட்டிய இம்மனிதரிடம் ஒரு திருக்கோயிலுக்காக வேலை கேட்கப்பட்டது அவர் எழுபது வயதைத் தாண்டிய பின்னரே. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் அசி என்னும் சிற்றூரின் கோயிலில் அவருடைய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அமைந்தன. தோமினிக்கன் சபைத் தந்தை கூத்தூரியே முதலானோரின் முயற்சி அது. பதினான்கு வயதில் கண்ணாடிப் பட்டறையில் கால் வைத்தவர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துத் தம் சித்திரத்தைக் கண்ணாடியில் கண்டார். 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்கு விருது அளித்துச் சிறப்பித்தார். புகழ் வந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் நம்மவர் அவர் ஓவியங்களில் அருவருப்பை மட்டுமே கண்டனர் என்பதை மறைப்பதற்கில்லை. துன்புறும் ஆண்டவரை மெழுகுபோல் மினுக்கித் தரும் அச்சுப் படங்களுக்குப் பழகிய கண்கள் அவை.

1958 பிப்ரவரி 13-ஆம் நாள் ரூவோ மறைந்தார். புனித ஜெர்மானுஸ் கோயிலில், அரசு மரியாதையுடன், இறுதிச் சடங்கு நடந்தது. அன்றும் பட்டறையில் முடியாத ஓவியங்கள் இருந்தன. தீக்குத் தப்பியவை, முடிப்போம் என்று அவர் வைத்துக்கொண்டவை, அதன்பின் புதிதாகத் தொடங்கியவை. 1963-இல் மனைவியும் பிள்ளைகளும் அவற்றை, ஆயிரத்துக்குச் சற்றே குறைந்த எண்ணிக்கையில், விலைக்கு விடாமல் பிரெஞ்சு நாட்டுக்குக் கொடையாகத் தந்துவிட்டனர். முடியாதவை என்ற பெயரோடேயே அவை அங்குப் பேணப்படுகின்றன.